வங்கி போர்டு சரியில்லை என்றால் நமக்கென்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கி பத்தே நாளில் காணாமல் போனதிலிருந்து ஒரே மாதிரி சந்தேகங்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. சில வருஷம் வங்கிக் கிளைகளில் தணிக்கை வேலை பார்த்தவன் என்பதால் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள், ப்ராஜெக்ட் எழுதும் எம்.காம். பிள்ளைகள் கேட்கிறார்கள், அந்த வங்கியின் பங்கைத் தாத்தா காலத்திலிருந்து வைத்திருந்தவர்கள் இன்னும் கோபமாகக் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதி வைக்கிறேன். எளிய கேள்விகள் மேலே, வம்பு பிடித்தவை கீழே.

கார்ப்பரேட் கவர்னன்ஸ்னா என்ன? மேனேஜ்மென்ட்னு சொல்றதுதானே அது?

இல்லை. மேனேஜ்மென்ட் என்பது வங்கியை அன்றாடம் நடத்துவது: யாருக்குக் கடன், எந்த ஊரில் கிளை, வட்டி எவ்வளவு. அப்படி நடத்துகிறவர்களை யார் கேள்வி கேட்கிறார்கள், எந்தத் தகவலை வைத்துக் கேட்கிறார்கள், பதில் சரியில்லை என்றால் அவர்களை வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்கிற ஏற்பாட்டுக்குத்தான் கவர்னன்ஸ் என்று பெயர். இயக்குநர் குழு (போர்டு என்பது இதைத்தான்), அதற்குள் ஆடிட் கமிட்டி, ரிஸ்க் கமிட்டி, உள் தணிக்கை, வெளி ஆடிட்டர், பங்குதாரர் கூட்டம், இதற்கெல்லாம் மேலே ரிசர்வ் வங்கி என்று எல்லாம் அதில் அடக்கம்.

என்னைக் கேட்டால் இத்தனையையும் ஒரே கேள்வியில் அடக்கிவிடலாம். ஒரு பெரிய கடன் கெட்டுப்போகிறது என்று கிளையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சேதி எத்தனை நாளில், எவ்வளவு மெருகு ஏறாமல், போர்டு மேஜைக்குப் போய்ச் சேரும்? சீக்கிரம் போய்ச் சேருகிற வங்கிகள் அடி வாங்கினாலும் எழுந்துகொள்கின்றன. சேராத வங்கிகள் நன்றாக இருப்பது போலவே இருந்து ஒருநாள் விழுகின்றன.

எல்லா கம்பெனிக்கும்தான் இது வேணும். பேங்குக்கு மட்டும் ஏன் இவ்வளவு பேசறீங்க?

வங்கி நடத்துகிறவர்கள் புழங்குவது பெரும்பாலும் அடுத்தவர் பணம். நம் நாட்டு விதிப்படி, ஆபத்தின் அளவுக்கு ஏற்பக் கணக்கிட்ட கடன் தொகையில் 11.5 சதவீதம் அளவுக்கு மூலதனம் இருந்தால் போதும், மீதி நம்முடைய டெபாசிட்டும் பிற கடன்களும்தான். அதாவது, கொடுத்த கடனில் பத்தில் ஒரு பங்கு சுத்தமாக மூழ்கினால் முதலாளியின் பணம் ஏறக்குறைய காலி. அப்புறம் அவருக்கு இழக்க ஒன்றும் இல்லை, சூதாடிப் பார்க்கலாம் என்ற எண்ணம் வருவது அங்கேதான்.

இன்னொன்று காலம். சட்டைக் கம்பெனி மட்டமான சட்டை தைத்தால் மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடும். மோசமான கடன் மூன்று நான்கு வருஷம் கழித்துத்தான் முகத்தைக் காட்டும், ஆனால் அதற்கான பிராசஸிங் ஃபீஸ் இந்தக் காலாண்டு லாபத்திலேயே ஏறிவிடும், போனஸும் இந்த வருஷமே.

வளரும் நாட்டில் இது இன்னும் கூர்மையாகிறது. கம்பெனிகள் கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டும் சந்தை இங்கே சிறியது, அதனால் பெரிய கம்பெனிகள் எல்லாம் வங்கிகளையே நம்பி இருக்கின்றன, ஒரே ஆள் பத்துப் பன்னிரண்டு வங்கிகளில் கடன் வாங்கி இருப்பார். ஒரு வங்கியில் தவணை தவறியவர் என்பது அடுத்த வங்கிக்குத் தெரிவதற்கே 2014-இல் ரிசர்வ் வங்கி பெரிய கடன்களுக்கென்று ஒரு பொதுத் தகவல் தொகுப்பை ஏற்படுத்த வேண்டியிருந்தது. திவால் சட்டம் 2016-இல்தான் வந்தது. வெளியே இருக்கும் காவல்கள் இப்படித் தாமதமாக வந்த இடத்தில், வங்கிக்கு உள்ளே இருக்கும் காவலும் தூங்கினால் பிடிக்க ஆளே இல்லை.

லட்சுமி விலாஸ் பேங்க்ல உண்மையில என்னதான் ஆச்சு? கொரோனாவாலதானே போச்சு?

கொரோனாவுக்கு ரொம்ப முன்பே போய்விட்டது. 1926-இல் கரூரில் ஏழு வியாபாரிகள் சேர்ந்து தொடங்கிய வங்கி அது. ஜவுளி, விவசாயம், சில்லறை வியாபாரம், நகைக்கடன் என்று தெரிந்த முகங்களுக்குக் கடன் கொடுத்தே எண்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. பிறகு பெரிய கார்ப்பரேட் கடன்களின் பக்கம் திரும்பினார்கள். வேகமாக வளர அதுதான் குறுக்கு வழி, ஆனால் டெல்லியிலும் மும்பையிலும் இருக்கும் குழுமங்களை எடைபோடும் ஆட்களும் பழக்கமும் வேண்டுமே.

பேர்போன ஒன்றை மட்டும் சொல்கிறேன். ரெலிகேர் ஃபின்வெஸ்ட் என்ற நிதி நிறுவனம் 2016 கடைசியிலும் 2017 தொடக்கத்திலுமாக இந்த வங்கியில் 794 கோடி ரூபாய் வைப்பு வைத்தது. அதன் அன்றைய புரமோட்டர்களின், அதாவது நிறுவனத்தைக் கையில் வைத்திருந்த முதலாளிகளின், வேறு இரண்டு கம்பெனிகளுக்கு வங்கி கடன் கொடுத்தது. அந்தக் கடன் திரும்பவில்லை என்றதும் வைப்புத் தொகையை வங்கி எடுத்துக்கொண்டது. நாங்கள் அதை ஈடாகவே வைக்கவில்லை என்று ரெலிகேர் ஃபின்வெஸ்ட் நீதிமன்றம் போனது, போலீஸ் விசாரணையும் வந்தது. யார் சரி என்பது இருக்கட்டும். எட்டுநூறு கோடி விவகாரத்தில் ஈட்டுக்கான காகிதம் சண்டைக்கு இடம் தராதபடி இருந்ததா என்று கடன் கமிட்டியில் ஒருவராவது எழுந்து கேட்டிருக்க வேண்டாமா?

அதே 2016-17 நிதியாண்டில் வங்கி காட்டிய லாபம் 256 கோடி. அடுத்த வருஷம் 585 கோடி நஷ்டம், அதற்கடுத்து 894 கோடி, அதற்கும் அடுத்து 836 கோடி. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, நிலை கெட்ட வங்கிகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் திருத்த நடவடிக்கைப் பட்டியலில் போட்டது, அடுத்த மாதமே இந்தியாபுல்ஸ் ஹவுசிங்குடனான இணைப்புக்கு அனுமதி மறுத்தது. 2020 செப்டம்பர் 25 அன்று ஆண்டுக் கூட்டத்தில் பங்குதாரர்கள் நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களுக்கு எதிராக ஓட்டுப் போட்டு வெளியேற்றினார்கள். நவம்பர் 17-இல் டெபாசிட்காரர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை, 27-இல் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைப்பு. டெபாசிட்காரர்களுக்கு ஒரு பைசா குறையவில்லை. பங்குதாரர்களுக்கு ஒரு பைசாகூடக் கிடைக்கவில்லை, பங்கு மூலதனம் முழுவதையும் அழித்துவிட்டார்கள்.

கரூர் வைசியாவும் அதே ஊர்தானே. அது மட்டும் எப்படித் தப்பிச்சுது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், ஏனென்றால் இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது. கரூர் வைசியா வங்கி 1916-இல் தொடங்கியது, பத்து வருஷம் மூத்தது. அதே ஊர், அதே மாதிரி வியாபாரக் குடும்பங்கள், அதே ஜவுளி வாடிக்கையாளர்கள், அதே பண மதிப்பிழப்பு, அதே ஜிஎஸ்டி, அதே கொரோனா.

கரூர் வைசியா ஒன்றும் புனிதமாக இருக்கவில்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெரிய கடன்களில் அதற்கும் கை சுட்டது; 2019 மார்ச்சில் மொத்த வாராக்கடன் 8.79 சதவீதம், கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அடி விழுந்தபோது மூலதனம் தேவைக்கு மேலேயே இருந்தது, கெட்ட கடனைக் கெட்டது என்று எழுதி அதற்கு ஒதுக்கீடு செய்தார்கள், அதாவது வரப்போகும் நஷ்டத்துக்கென்று லாபத்திலிருந்து எடுத்து வைத்தார்கள், லாபம் சுருங்கினாலும் நஷ்டத்துக்குப் போகவில்லை. பெரிய கடன்களைக் குறைத்துச் சிறு தொழில், சில்லறை, விவசாயம், நகைக்கடன் என்று திரும்பினார்கள். நடுவில் தலைமை மாறியது, 2020-இல் ஸ்டேட் பேங்கிலிருந்து வந்தவர் பொறுப்பேற்றார், வங்கி ஆடவில்லை. 2025 மார்ச்சில் மொத்த வாராக்கடன் ஒரு சதவீதத்துக்கும் கீழே, வருஷ லாபம் 1,900 கோடிக்கு மேல்.

கவர்னன்ஸ் வங்கியின் லாபத்தை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்த இரண்டு வங்கிகளின் 2017 முதல் 2020 வரையிலான ஆண்டறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்வேன். கெட்ட கடன் இருவருக்கும் வந்தது. அது வந்ததும் என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

நல்ல லாபம் காட்டற பேங்க்னா நிர்வாகம் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

பல சமயம் நேர் எதிர். யெஸ் பேங்கைப் பாருங்கள். 2014 மார்ச்சில் கொடுத்திருந்த கடன் ஏறக்குறைய 55,000 கோடி, 2019 மார்ச்சில் 2.41 லட்சம் கோடி. ஐந்து வருஷத்தில் நாலு மடங்குக்கு மேல், அதுவும் மற்ற வங்கிகள் கார்ப்பரேட் கடனைக் கண்டு பயந்து பின்வாங்கிய நேரத்தில். பத்திரிகைகள் புகழ்ந்தன, பங்கு விலை ஏறியது.

2015-16-க்கு அந்த வங்கி சொன்ன மொத்த வாராக்கடன் 749 கோடி. ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கள் அதே புத்தகங்களைப் பார்த்து எடுத்த கணக்கு 4,925 கோடி. அடுத்த வருஷம் வங்கி சொன்னதற்கும் ரிசர்வ் வங்கி சொன்னதற்கும் வித்தியாசம் 6,355 கோடி. வாராக்கடனைக் குறைத்துச் சொன்னால் ஒதுக்கீடு குறையும், ஒதுக்கீடு குறைந்தால் லாபம் வீங்கும். நாம் பார்த்த லாபத்தில் ஒரு பகுதி அப்படி வீங்கியதுதான்.

இன்னும் ஒரு கூத்து. 2019 பிப்ரவரியில், 2017-18-க்கு இந்த வித்தியாசம் பூஜ்யம் என்று ரிசர்வ் வங்கியே சொல்லிவிட்டதாக யெஸ் பேங்க் பங்குச் சந்தைக்கு அறிவித்தது. பங்கு ஒரே நாளில் முப்பது சதவீதம் போல ஏறியது. உடனே ரிசர்வ் வங்கி கடிதம் போட்டது: அந்த அறிக்கை ரகசியமானது, அதில் வேறு குறைகளும் சுட்டிக்காட்டப்பட்டிருக்கின்றன, உங்களுக்கு வசதியான ஒரு வரியை மட்டும் வெளியிட்டிருக்கிறீர்கள் என்று. அடுத்த வருஷம் 2020 மார்ச் 5-இல் 50,000 ரூபாய் வரம்போடு தடை வந்தது. 2019 டிசம்பரில் முடிந்த காலாண்டுக்கு மட்டும் நஷ்டம் 18,564 கோடி. நிறுவனர் மீதான வழக்குகள் தனிக் கதை, அதற்குள் நான் போகவில்லை.

கெட்ட கடனை எப்படி மறைக்க முடியும்? கம்ப்யூட்டர்ல தானா வந்துடாதா? ஆடிட்டர் பாக்க மாட்டாரா?

வட்டியோ தவணையோ 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் வாராக்கடன் என்று கணினி தானாகக் குறிக்கும், சரிதான். அதனால் 90 நாள் ஆகவிடாமல் பார்த்துக்கொள்வார்கள். நான் தணிக்கைக்குப் போன ஒரு கிளையில் பார்த்ததைச் சொல்கிறேன். மார்ச் கடைசி வாரத்தில் ஒரு குழுமத்தைச் சேர்ந்த கம்பெனி ஒன்றுக்குப் புதிதாக நடைமுறை மூலதனக் கடன் (சரக்கு, கூலி போன்ற அன்றாடச் செலவுக்கானது) அனுமதியாகிறது. பணம் அன்று மாலையே ‘சரக்கு வாங்கியதற்கு’ என்று இன்னொரு கம்பெனி கணக்குக்குப் போகிறது. இரண்டு நாள் கழித்து அங்கிருந்து வேறொரு கணக்குக்கு வந்து, எண்பத்து சொச்சம் நாளாக நின்ற வட்டி அடைபடுகிறது. மூன்று கம்பெனிக்கும் விலாசம் ஒரே மாடி. சரக்கு வாங்கியதற்கு லாரி ரசீது கேட்டேன். ஏப்ரலில் தருகிறோம் என்றார்கள். ஏப்ரலில் மேனேஜருக்கு மாற்றல் வந்துவிட்டது.

வருஷாந்திர ஆடிட்டருக்குக் கிடைப்பது சில வாரம், ஆயிரக்கணக்கான கணக்கில் மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துப் பார்ப்பார். இந்த மூன்று வரவுசெலவையும் ஒரே கோட்டில் கோத்துப் பார்க்கும் ஆளும் வேண்டும், பார்த்ததை எழுதினால் மேலே ஒருவர் படிக்கவும் வேண்டும். உள் தணிக்கைக்காரர் எழுதிய குறிப்பு, யாரைப் பற்றி எழுதினாரோ அவர் கையெழுத்தோடு ‘சரி செய்யப்பட்டது’ என்று மூடப்படும் வங்கியில் எத்தனை ஆடிட்டர் வந்தும் பிரயோஜனம் இல்லை. முதல் பதிலில் கேட்ட கேள்வி இங்கேதான் வந்து நிற்கிறது.

போர்டுல பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் இருந்தாங்களே, ஏன் ஒருத்தரும் வாயே திறக்கலை?

ஓய்வுபெற்ற ஐஏஎஸ், முன்னாள் வங்கியாளர், ஆடிட்டர், பேராசிரியர் என்று பட்டியல் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் வங்கியைப் பற்றித் தெரிந்துகொள்வது நிர்வாக இயக்குநரின் ஆபீஸ் தயாரித்து அனுப்பும் கட்டிலிருந்து. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு சில நூறு பக்கம் வரும், கெட்ட செய்தி நாற்பதாவது இணைப்பில் இருக்கும். அதோடு, யார் நம்மை அந்த நாற்காலியில் உட்கார வைத்தாரோ அவரிடம் முகத்துக்கு நேராகக் கேட்பது இங்கே மரியாதைக் குறைவாகவே பார்க்கப்படுகிறது. இதைப் பண்பாடு என்று சொல்லிக்கொண்டிருக்கலாம், எனக்கு அது கடமை தவறுவதாகத்தான் படுகிறது.

யெஸ் பேங்கில் நிறுவனரின் பதவிக்காலத்தை 2019 ஜனவரியோடு ரிசர்வ் வங்கி முடித்தபோது, போர்டு என்ன செய்தது தெரியுமா? இன்னும் சில மாதம் கொடுங்கள் என்று திரும்ப ரிசர்வ் வங்கிக்கே எழுதியது. மறுத்துவிட்டார்கள். ஐசிஐசிஐ வங்கியிலும் 2018 மார்ச்சில் வீடியோகான் கடன் பற்றிக் கேள்வி எழுந்ததும், போர்டு முதலில் தலைமைச் செயல் அதிகாரி மேல் முழு நம்பிக்கை என்று அறிக்கை விட்டது. அப்புறம் நெருக்கடி கூடி, ஓய்வுபெற்ற நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையில் விசாரணை வைத்து, வங்கியின் நடத்தை விதிகள் மீறப்பட்டன என்ற அறிக்கையை 2019 ஜனவரியில் அதே போர்டு ஏற்றது. தாமதம்தான். ஆனாலும் ஏற்றது, தலைமையும் மாறியது, வங்கி பிழைத்தது மட்டுமல்ல, பிறகு நன்றாகவே வளர்ந்தது. ஒரே மாதிரி சோதனை வந்த இரண்டு வங்கிகளில் ஒன்று திருத்திக்கொண்டது.

கவர்மென்ட் பேங்குக்கு இதெல்லாம் பொருந்துமா? அங்க முதலாளியே அரசாங்கம்தானே?

பொருந்தும், ஆனால் நோய் வேறு. தனியார் வங்கியில் ஒரு ஆள் ரொம்ப நாள் உட்கார்ந்திருப்பது பிரச்சினை. அரசு வங்கியில் தலைவர்கள் ஓய்வுக்கு ஒன்றிரண்டு வருஷம் இருக்கும்போது வருவார்கள், தன் காலத்தில் குண்டு வெடிக்காமல் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். இயக்குநர்களை அரசு நியமிக்கும், அமைச்சகத்திலிருந்து போன் வரும், பிற்பாடு விஜிலென்ஸ் கேள்வி வரும் என்ற பயத்தில் நல்ல கடனையும் யாரும் கையெழுத்திட மாட்டார்கள்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி 1995-96-இல் 1,336 கோடி நஷ்டம் காட்டியது, அன்றைக்கு அது நாட்டையே உலுக்கிய தொகை. இருபது வருஷம் கழித்து எல்லா அரசு வங்கிகளுக்கும் அதே கதி. 2015-இல் ரகுராம் ராஜன் ஆளுநராக இருந்தபோது கடன் தரத்தை ரிசர்வ் வங்கியே உட்கார்ந்து ஆராய்ந்ததும், மூடிவைத்தது எல்லாம் வெளியே வந்தது. 2018 மார்ச்சில் அரசு வங்கிகளின் மொத்த வாராக்கடன் 14.6 சதவீதம். அதற்கு 2017 அக்டோபரில் அறிவித்த மூலதன உதவி மட்டும் 2.11 லட்சம் கோடி, அதில் பெரும்பகுதி நம் வரிப்பணம். இப்போது வாராக்கடன் மூன்று சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது உண்மை, திவால் சட்டம், தள்ளுபடி, இணைப்பு, புதிய மூலதனம் எல்லாம் சேர்ந்த பலன் அது. அரசின் பங்குகளைத் தனி முதலீட்டு நிறுவனத்துக்கு மாற்றி அமைச்சகத்தைத் தள்ளி நிறுத்துங்கள் என்று 2014-இல் பி.ஜே. நாயக் கமிட்டி சொன்னதே, அதன் முக்கியமான பகுதியை இன்றுவரை எந்த அரசும் தொடவில்லை. தலைவர்களைத் தேர்வு செய்ய மட்டும் ஒரு தனி அமைப்பு வந்தது.

பிஎன்பி-ல ஒரு டெபுடி மேனேஜர் செஞ்ச தப்பு. அதுக்கும் டெல்லில இருக்கற போர்டுக்கும் என்ன சம்பந்தம்?

தப்புச் செய்தவர் கிளையில் இருக்கலாம், கதவைத் திறந்து வைத்தது யார்? பஞ்சாப் நேஷனல் வங்கியின் (பிஎன்பி) மும்பை பிராடி ஹவுஸ் கிளையிலிருந்து, வாடிக்கையாளர் கட்டாவிட்டால் நாங்கள் கட்டுகிறோம் என்ற உத்தரவாதக் கடிதங்கள், வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாக வெளிநாட்டு வங்கிகளுக்குப் போயின. அந்த ஸ்விஃப்ட், வங்கியின் மையக் கணினி அமைப்போடு இணைக்கப்படவில்லை. அதனால் செய்தி போனது, பொறுப்பு ஏறியது, கணக்கில் மட்டும் எதுவும் இல்லை. முக்கிய இடத்தில் இருந்தவர் பல வருஷம் மாற்றலே இல்லாமல் அதே கிளையில் இருந்தார். ஸ்விஃப்ட் விஷயத்தில் கவனமாக இருங்கள் என்று ரிசர்வ் வங்கி 2016-இலிருந்தே வங்கிகளை எச்சரித்திருந்தது.

மாற்றல் பட்டியலைப் பார்ப்பதும், கணினி இணைப்பு முடிந்ததா என்று ஆடிட் கமிட்டியில் கேட்பதும் போர்டு வேலை. ஒருவரும் கேட்காததன் விலை, 2018 பிப்ரவரியில் வெளியான முதல் கணக்கின்படியே 11,400 கோடி. அந்த நிதியாண்டில் பஞ்சாப் நேஷனல் வங்கி காட்டிய நஷ்டம் 12,283 கோடி.

தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க்ல வருஷக்கணக்கா பங்குதாரர் சண்டை. ஆனா ஜம்முனு லாபத்துல ஓடிச்சே? அப்ப நீங்க சொல்றது தப்புதானே?

நல்ல பிடி. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கி, 1962-இல் இப்போதைய பெயருக்கு மாறியது. 1990-களில் பெரும்பான்மைப் பங்கு வெளியாட்கள் கைக்குப் போனதிலிருந்து பங்கு யாருக்கு, ஓட்டு யாருக்கு என்று ஓயாத வழக்கு. ஆண்டுப் பொதுக்கூட்டமே பல தடவை தள்ளிப்போனது. இத்தனைக்கும் நடுவில் வங்கி லாபத்தில்தான் இருந்தது.

காரணம், சண்டை மாடியில் நடந்தது, கடன் கொடுக்கும் பழக்கம் கீழே மாறவில்லை. சிறு வியாபாரி, விவசாயி, நகைக்கடன் என்று தெரிந்த ஆட்களுக்குச் சின்னச் சின்னதாகக் கொடுத்தார்கள், லட்சுமி விலாஸ் மாதிரி பெரிய இடத்துக்குத் தாவவில்லை. ஆனால் செலவே இல்லாமல் தப்பினார்கள் என்று நினைக்காதீர்கள். வழக்குகளால் புது மூலதனம் திரட்ட முடியாமல் கிடந்தது, விதிப்படி இருக்க வேண்டிய மூலதன அளவு இல்லை என்று புதுக் கிளை திறக்கவே ரிசர்வ் வங்கி தடை போட்டது, பங்கு வெளியீடு 2022 செப்டம்பர் வரை இழுத்தது. கிடைத்திருக்க வேண்டிய வளர்ச்சியை இழந்தது ஆண்டறிக்கையில் எந்த வரியிலும் நஷ்டமாகத் தெரியாது.

நான் எம்.காம். ப்ராஜெக்ட் பண்றேன். சில பேப்பர்ல போர்டு பெருசானா ஆர்ஓஏ கூடுதுன்னு இருக்கு, சிலதுல குறையுதுன்னு இருக்கு. எதை எழுதறது?

ஆர்ஓஏ என்பது வங்கியின் மொத்தச் சொத்துக்கு வரும் லாப விகிதம். இரண்டையும் எழுதி, ஏன் முரண்படுகிறது என்பதையும் எழுதினால் உங்கள் கைடு சந்தோஷப்படுவார். எது முதலில் வந்தது என்பதுதான் சிக்கல். வங்கி படுத்துவிட்டால் ரிசர்வ் வங்கி புது இயக்குநர்களை அனுப்பும், சுயேச்சை இயக்குநர் (நிர்வாகத்தோடும் முதலாளியோடும் தொடர்பில்லாதவர்) எண்ணிக்கை கூடும். அந்த வருஷத்து எண்ணை எடுத்து ரிக்ரஷன் (ஒன்று மாறினால் இன்னொன்று எப்படி மாறுகிறது என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கு) போட்டால் ‘சுயேச்சை இயக்குநர் கூடினால் லாபம் குறைகிறது’ என்று வரும். லட்சுமி விலாஸின் கடைசி இரண்டு மாதம் அப்படிப்பட்ட எண். இன்னொன்று, நம் நாட்டில் விதியே எல்லோரையும் ஒரே மாதிரி போர்டு வைக்கச் சொல்கிறது, அதனால் தாளில் நல்ல வங்கிக்கும் கெட்ட வங்கிக்கும் வித்தியாசமே தெரியாது.

நானாக இருந்தால் தலை எண்ணுவதை விட்டுவிட்டு, வங்கி சொன்ன வாராக்கடனுக்கும் ரிசர்வ் வங்கி கண்ட வாராக்கடனுக்கும் உள்ள இடைவெளியை எடுப்பேன். குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் அதை ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும் என்று 2017-இலிருந்து விதி இருக்கிறது. அடுத்தது, சொந்தக்காரக் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் கடன். மெக்சிகோவில் 1990-களில் தனியார்மயமான வங்கிகள் தங்கள் இயக்குநர்களோடு தொடர்புள்ளவர்களுக்குக் கொடுத்த கடன்களை ஆராய்ந்தபோது, வட்டி குறைவு, மூழ்கியது அதிகம், திரும்ப வந்தது சொற்பம் என்று தெரிந்தது. அப்புறம் ஒரு எச்சரிக்கை: பங்குதாரருக்கு அனுகூலமான போர்டு என்றாலே நல்லது என்று எழுதிவிடாதீர்கள். 2007-08 நெருக்கடியில் உலக அளவில் அப்படிப்பட்ட போர்டு இருந்த வங்கிகள்தான் அதிகம் அடிவாங்கின என்றும் ஆய்வு உண்டு. பங்குதாரருக்கு ஆபத்து பிடிக்கும், டெபாசிட்காரருக்குப் பிடிக்காது, இரண்டாவது பதிலில் மூலதனம் பற்றிச் சொன்னதை மறுபடி பாருங்கள்.

இவ்வளவு நடக்கற வரைக்கும் ரிசர்வ் பேங்க் என்ன பண்ணிட்டிருந்துச்சு?

பார்த்துக்கொண்டிருந்தது, கேட்டுக்கொண்டும் இருந்தது, கடைசியில்தான் கை வைத்தது. யெஸ் பேங்கில் 2015-16 கணக்கிலேயே ஓட்டையைக் கண்டுபிடித்தவர்கள், நிறுவனரை அனுப்ப 2019 ஜனவரி வரை பொறுத்தார்கள். சீக்கிரம் தடை போட்டால் டெபாசிட்காரர் ஓடுவார், தாமதித்தால் ஓட்டை பெரிதாகும், இரண்டுக்கும் நடுவில் தயங்குவது புரிகிறது. ஆனாலும் மூன்று வருஷம் ரொம்ப அதிகம். திருத்த நடவடிக்கைப் பட்டியலுக்கும் இதே குறை உண்டு. மூலதனமும் நிகர வாராக்கடனும் (ஒதுக்கீடு போக மீதி) கெட்ட பிறகுதான் அது வேலை செய்யும், அந்த எண்களையே வங்கி மறைத்துக்கொண்டிருந்தால்?

2021 ஏப்ரலில் வந்த சுற்றறிக்கை நல்ல காரியம். போர்டுத் தலைவர் சுயேச்சை இயக்குநராக இருக்க வேண்டும். தலைமைச் செயல் அதிகாரி பதவி அதிகபட்சம் 15 வருஷம், புரமோட்டராக இருந்தால் பொதுவாக 12. நிர்வாகத்தில் இல்லாத இயக்குநருக்கு 8 வருஷம், வயது வரம்பு 75. ஆடிட் கமிட்டியில் நிர்வாகத்தைச் சேர்ந்த யாரும் உட்காரக் கூடாது. சம்பளத்திலும் பாதியாவது செயல்பாட்டைப் பொறுத்து மாறுவதாக இருக்க வேண்டும், பிற்பாடு கடன் கெட்டால் திரும்பப் பிடிக்கலாம் என்று அதற்கு முன்பே விதி வந்துவிட்டது. நாற்காலியை யார் எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்பதை விதி சொல்லிவிடும். அதில் உட்கார்ந்து நாற்பதாவது இணைப்பைப் படிக்க வைக்க எந்தச் சுற்றறிக்கையாலும் முடியாது.

சரி, எனக்கு பேலன்ஸ் ஷீட் எல்லாம் படிக்கத் தெரியாது. நான் எதைப் பாக்கணும்?

நீங்கள் டெபாசிட்காரரா, பங்கு வாங்குகிறவரா என்பதைப் பொறுத்தது. டெபாசிட் என்றால் ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு, 2020 பிப்ரவரிக்கு முன்பு அது ஒரு லட்சமாக இருந்தது. 2021 சட்டத் திருத்தத்தால், வங்கி மேல் தடை வந்தால் அந்தத் தொகை 90 நாளுக்குள் கிடைக்க வேண்டும். மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கி ஒரே கட்டுமானக் குழுமத்துக்குக் கடனில் எழுபது சதவீதத்துக்கு மேல் கொடுத்துவிட்டு 2019-இல் விழுந்தபோது, முதலில் ஆயிரம் ரூபாய்தான் எடுக்க விட்டார்கள். அந்தக் கூத்துக்குப் பிறகு வந்த திருத்தம் இது. மற்ற வங்கிகளைவிட வட்டி ஒன்றரை சதவீதம் கூடக் கிடைக்கிறதென்றால், அந்த வங்கிக்கு ஏன் பணம் அவ்வளவு அவசரமாகத் தேவைப்படுகிறது என்று ஒரு தடவை யோசியுங்கள்.

பங்கு என்றால், மூன்று செய்திகளைத் தேடுங்கள், பேலன்ஸ் ஷீட் வேண்டாம். இயக்குநரோ ஆடிட்டரோ காலம் முடியும் முன்பே ‘சொந்தக் காரணங்களுக்காக’ விலகினாரா, ஒரே வருஷத்தில் இரண்டு மூன்று பேரா? ஐந்தாவது பதிலில் சொன்ன இடைவெளி அறிவிப்பு உண்டா? மற்ற வங்கிகள் பின்வாங்கும் துறையில் இந்த வங்கி மட்டும் பாய்ந்து கொடுக்கிறதா?

கடைசியாக ஒன்று, இது பணம் போன பலர் கேட்டது. கிளையில் யாராவது ‘எஃப்டி மாதிரிதான், வட்டி மட்டும் கூட’ என்று எதையாவது நீட்டினால், அது டெபாசிட்டா பத்திரமா என்று கேளுங்கள், எழுதித் தரச் சொல்லுங்கள். யெஸ் பேங்க் வெளியிட்ட ஏடி-1 பத்திரங்களில் (வங்கி நெருக்கடியில் விழுந்தால் அசலையே அழித்துவிடலாம் என்ற நிபந்தனை உள்ளவை) 8,415 கோடியை 2020 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் பூஜ்யமாக்கினார்கள், அது சரியா என்று நீதிமன்றம் வரை வழக்குப் போனது. அதை வாங்கியவர்களில் சாதாரண வாடிக்கையாளர்களும் இருந்தார்கள், ஆபத்தைச் சொல்லாமல் விற்றதற்காக 2021-இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அந்த வங்கிக்கு 25 கோடி அபராதம் போட்டது. பத்திரத்துக்கு அந்த 5 லட்சம் காப்பீடு கிடையாது.